நெட்டு ஒழுகும் இடம்

மாமனார்: …காதை வெச்சாப் போதும்மா. ஒரே ஒரு தடவை. இந்த வீட்டுல நெட்டு எங்க ஒழுகுதுன்னு நான் சொல்லிடறேன்.

மருமகள்: நெட்டு ஒழுகாது மாமா.

மாமனார்: ஒழுகாம எங்க போச்சு? காலையில இருந்துச்சு, இப்ப இல்ல. இருந்தது இல்லாமப் போனா அதுக்கு ஒழுகறதுன்னுதான் பேரு. தண்ணி ஆபீஸ்ல இருந்தப்போ இதே கம்பிதான். நடு ரோட்டுல ஊணி, மேல் முனையில காதை வெப்பேன். பூமிக்குள்ள குழாய் எங்க ஓட்டைன்னு விரல் வெச்சுக் காட்டுவேன்.

மருமகள்: அது தண்ணி.

மாமனார்: தண்ணி மட்டுமா? ஒரு நாள் அப்படிக் கேட்டுட்டு, "எதிர் வீட்டு அம்மா அடுப்புல பாலை வெச்சுட்டு மறந்துட்டாங்க"ன்னு சொன்னேன். கூட இருந்தவன் சிரிச்சான். ஓடிப் போய்ப் பார்த்தா…

மருமகள்: பொங்கிடுச்சு.

மாமனார்: பொங்கப் பார்த்துச்சு! சரியான நேரத்துல அணைச்சோம். அந்தம்மா இன்னைக்கும் என்னைத் தெருவுல பார்த்தா செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிடும்.

மருமகள்: மாமா, கம்பியைத் தள்ளி வைங்க. லேப்டாப் மேல விழுந்துடப் போகுது. மூணு மணிக்குள்ள நெட்டு வரலைன்னா நான்…

மாமனார்: மூணு மணிக்கு என்ன?

மருமகள்: ஒண்ணுமில்ல.

மாமனார்: ஒண்ணுமில்லாததுக்கா மேல இஸ்திரி போட்ட சட்டை, கீழ தூங்கற பேன்ட்டு?

மருமகள்: …அத்தைகிட்ட சொல்ல மாட்டீங்களே?

மாமனார்: நானா? என் வாய் இரும்புப் பெட்டி.

மருமகள்: அந்தப் பெட்டிக்கு மூடியே கிடையாதே மாமா.

மாமனார்: சொல்லும்மா.

மருமகள்: இன்டர்வியூ. வாஷிங் மிஷின், ஃப்ரிட்ஜ் விக்கற கம்பெனி. போன்ல குறை கேட்டு, எப்படிச் சரி பண்றதுன்னு சொல்ற வேலை. வீட்டுல உக்காந்தே பார்க்கலாம். ஆனா முதல்ல வீட்டு லைனைத்தான் டெஸ்ட் பண்ணுவாங்க. அதுல தோத்தா பேசவே விட மாட்டாங்க.

மாமனார்: போன்ல இருக்கற நெட்டை வெச்சு…

மருமகள்: அது கூடாதாம். வீட்டு லைன்லதான் வரணுமாம். இன்னைக்கு விட்டா ஒரு வருஷத்துக்கு என் பேரையே திரும்பிப் பார்க்க மாட்டாங்க.

மாமனார்: நல்ல விஷயம்தானே, இதை ஏன் மறைக்கறே?

மருமகள்: போன தடவை மறைக்கலையே! அத்தை தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. கிடைக்கலைன்னதும் ஆளாளுக்கு வந்து துக்கம் விசாரிச்சாங்க. காய்கறிக்காரர் பாவம் பார்த்து ரெண்டு தக்காளி சேர்த்துப் போட்டார் மாமா. அந்தத் தக்காளி எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது.

மாமனார்: நல்ல தக்காளிதான் அது.

மருமகள்: மாமா!

மாமனார்: சரி சரி. வேலையை ஆரம்பி. என்ன செய்யணும்?

மருமகள்: ரூட்டர் எங்க? மேஜை மேலதானே இருந்துச்சு?

மாமனார்: பீரோ மேல ஏத்தி வெச்சுட்டேன்.

மருமகள்: எதுக்கு?

மாமனார்: டேங்க்கு உயரத்துல இருந்தாத்தான் கீழ குழாய்ல வேகம் வரும். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும்.

மருமகள்: கடவுளே… எப்போ ஏத்தினீங்க?

மாமனார்: போன வாரம்.

மருமகள்: நேத்து வரைக்கும் நெட்டு நல்லா இருந்துச்சே. அப்போ இதால இல்ல. அணைங்க. அணைச்சுட்டு இருபது எண்ணிட்டுப் போடுங்க.

மாமனார்: போட்டுட்டேன்.

மருமகள்: இப்பத்தானே சொன்னேன்?

மாமனார்: நான் வேகமா எண்ணுவேன்.

மருமகள்: மறுபடி அணைங்க. நான் எண்ணறேன். நீங்க வாயை மட்டும் மூடிக்கிட்டு இருங்க… பதினெட்டு… பத்தொன்பது… இப்போ போடுங்க.

மாமனார்: பச்சை லைட்டு வந்துடுச்சு!

மருமகள்: இருங்க… இருங்க… வருது… வந்துடுச்சு! மாமா, வந்… போச்சு.

மாமனார்: வந்துச்சா போச்சா?

மருமகள்: வந்துட்டுப் போச்சு! எட்டிப் பார்த்துட்டு ஓடிப் போச்சு. உங்க பிள்ளைக்குப் போன் போட்டா எடுக்க மாட்டார். ஃபேக்டரிக்குள்ள போனா போனை லாக்கர்ல பூட்டிடுவாங்க. இவ்வளவு ஒயரையும் இழுத்துக் கட்டினவருக்கு, எது எதுன்னு ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டத் தோணுச்சா?

மாமனார்: அவங்கம்மா பிள்ளை. குழம்புல உப்பு போட்டியான்னு கேட்டா, "சாப்பிட்டா தெரியும்"னு சொல்ற பரம்பரை.

மருமகள்: நீங்க மாடிப்படிக்குக் கீழ போங்க. அங்க சின்னப் பெட்டி ஒண்ணு இருக்குல்ல, எல்லா ஒயரும் வந்து சேர்றது? அதுல லைட்டு எரியுதா பாருங்க.

மாமனார்: …எரியுதாவா! அம்மாடி! வந்து பாரு! எல்லா லைட்டும் ஒண்ணா, மூச்சு விடாம அடிச்சுக்குது. பத்து தீயணைப்பு வண்டி ஒரே நேரத்துல வந்த மாதிரி இருக்கு. என்ன வேகம்! என்ன பிரஷர்!

மருமகள்: அப்போ அது நல்லாத்தான் இருக்கு போல. சரி, நெட்டு கம்பெனிக்கே போன் போட்டுடறேன்.

மாமனார்: அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை காதை…

மருமகள்: ஷ்ஷ்… ஹலோ? …பாட்டு போடறாங்க.

மாமனார்: நல்ல பாட்டா?

மருமகள்: "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்"னு சொல்லிட்டு அஞ்சு நிமிஷமா புல்லாங்குழல் ஊதறாங்க… ஹலோ! ஆங், வணக்கங்க. காலையில பத்து மணியிலருந்து நெட்டு வரலைங்க… அணைச்சுப் போட்டாச்சுங்க… ரெண்டு தடவைங்க… அப்படியா? …வீடு வரைக்கும் நல்லா வருதா? …அப்போ வீட்டுக்குள்ளதான் கோளாறா?

மாமனார்: என்னவாம்?

மருமகள்: ரோட்டுல எல்லாம் சரியா இருக்காம். கோளாறு நம்ம வீட்டுக்குள்ளயாம்… சொல்லுங்க… புதுசாவா? …இல்லீங்க, புதுசா யாரும் எதையும் மாட்டலை. பத்து மணிக்கு வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான்… மாமா, நீங்க காலையில எதையாவது தொட்டீங்களா?

மாமனார்: உன் அத்தை என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காளே! காலிங்பெல்லைச் சரி பண்ணப் போயி, அதை அழுத்தினா ஹால் ஃபேன் சுத்த ஆரம்பிச்சுதே, அன்னைக்கே சொல்லிட்டா. "இனிமே இந்த வீட்டுல ஒரு ஒயரைத் தொட்டீங்க, உங்க டூல்ஸ் பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிடும்"னு. என் பெட்டிம்மா! என் ஸ்பானர்! கல்யாணத்துக்கு முன்னாடியே என் கூட இருந்தது அது.

மருமகள்: இல்லீங்க. யாரும் தொடலையாம்… ஆள் அனுப்பறீங்களா? …நாளைக்கா! …சரிங்க. நீங்க நல்லா இருங்க… வெச்சுட்டாங்க. நாளைக்கு வர்றாங்களாம். நாளைக்கு வந்து என்ன, எனக்குத் தக்காளி போடவா? என்ன மாமா, சத்தத்தையே காணோம்? நீங்க பேசாம இருந்தா பயமா இருக்கு.

மாமனார்: யோசிக்கறேன். அந்தப் பெட்டியில மொத்தம் எத்தனை ஒயர்?

மருமகள்: அதான் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒண்ணு மேல ஒண்ணு முறுக்கிக்கிட்டு பாம்புப் புத்து மாதிரி இருக்கு. எல்லாம் ஒரே கலர். ஒவ்வொண்ணா பிடுங்கி, ஒவ்வொரு தடவையும் அணைச்சுப் போட்டு… மணி ஆயிடும் மாமா. இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு. வேணாம். எனக்குக் குடுத்து வெச்சது இவ்வளவுதான். சட்டையைக் கழட்டி மடிச்சு வெச்சுடறேன்.

மாமனார்: கழட்டாதே. கம்பியை எடு.

மருமகள்: இந்த நேரத்துல விளையாட்டா?

மாமனார்: எடும்மா! தள்ளி நில்லு. மூச்சைப் பிடிச்சுக்கோ. உன் மூச்சு எனக்குப் புயல் மாதிரி கேக்குது.

மருமகள்: என்னால முடியலை…

மாமனார்: ஷ்ஷ்ஷ். இந்த ஒயர்… ம்ம்… நல்ல ஒயர். நல்ல குடும்பத்து ஒயர். இது… கொஞ்சம் சளி பிடிச்சிருக்கு. ஆனா பாதகமில்ல.

மருமகள்: மாமா, கையெடுத்துக் கும்பிடறேன்.

மாமனார்: வேலைக்காரனை அவசரப்படுத்தாதே. இது… அடடா, இதுல யாரோ தும்மறாங்க.

மருமகள்: மாமா!

மாமனார்: ஆ! இது! இந்த ஒயர்தான்! உள்ள "கொர்ர்ர்"னு சுத்துது. கேக்குதா?

மருமகள்: உங்க வயித்துலருந்துதான் கேக்குது. மத்தியானம் சரியாச் சாப்பிடலை.

மாமனார்: இதைப் பிடுங்கு.

மருமகள்: ஏன் இது?

மாமனார்: ஏன்னு காது சொல்லாது. எதுன்னு மட்டும்தான் சொல்லும். பிடுங்கு!

மருமகள்: சரி, போறது எப்படியும் போகப் போகுது… இந்தாங்க, பிடுங்கிட்டேன். போதுமா?

மாமனார்: லைட்டைப் பாரு.

மருமகள்: …நிதானமாயிடுச்சு. ஒண்ணு ஒண்ணா கண் சிமிட்டுது. இருங்க… லேப்டாப்… ஐயோ… வந்துடுச்சு! மாமா, வந்துடுச்சு! போகலை! நிக்குது!

மாமனார்: பூமிக்குள்ள இருக்கறதையே கேட்ட காது. பூச்சி மாதிரி ஒரு பெட்டி எனக்கு எம்மாத்திரம்?

மருமகள்: எப்படி மாமா? அத்தனை ஒயர்ல குறி தப்பாம எப்படி…

மாமனார்: அனுபவம். அந்த ஒயரைக் குடு, நானே தூக்கிப் போட்டுடறேன்.

மருமகள்: இருங்க. முனையில என்னமோ வெள்ளையா இருக்கு.

மாமனார்: தூசி. குடு.

மருமகள்: தூசி இப்படிச் சுத்திச் சுத்தியா ஒட்டும்?

மாமனார்: சிலந்தியா இருக்கும். மாடிப்படிக்குக் கீழ சிலந்தி ஜாஸ்தி.

மருமகள்: மாமா… இது தண்ணிக் குழாய்ல மரைக்குச் சுத்தற டேப்பு.

மாமனார்: …அப்படியா?

மருமகள்: ஒயரோட இந்த முனையும் அதே பெட்டியில, அந்த முனையும் அதே பெட்டியில. இந்த முனை தனியா தொங்கிக்கிட்டு இருந்ததுதானே? அப்புறமா டிவிக்கு வேணும்னு உங்க பிள்ளை விட்டு வெச்சது. அது தானா எழுந்து போய், டேப்பு சுத்திக்கிட்டு, ஓட்டைக்குள்ள போயிடுச்சா?

மாமனார்: காலையில துடைப்பம் எடுக்கப் போனேன். பாவமா தொங்கிச்சும்மா. முனையைத் தொங்க விடறது பாவம். குழாய்ல அப்படி விட்டா தண்ணி தேங்கிக் கெட்டுப் போயிடும். சுத்திக் கொண்டு வந்து வளையமா சேர்த்துட்டா, ரெண்டு பக்கமும் பிரஷர் சமமா நிக்கும். ஊருக்கே அப்படித்தான் தண்ணி குடுத்தேன். நான் சேர்த்ததும் லைட்டெல்லாம் என்னமா துள்ளிச்சு தெரியுமா? நெட்டுக்கு உசிரு வந்துடுச்சுன்னு நினைச்சேன்.

மருமகள்: உசிரு போச்சு மாமா! உள்ள போன சங்கதி வெளிய போக வழியில்லாம, அந்த வளையத்துலயே சுத்திச் சுத்தி வருது. ஒண்ணு பத்தாகி, பத்து ஆயிரமாகி, வேற எதுக்கும் வழி விடாம…

மாமனார்: உன் அத்தை கோவிச்சுக்கிட்டு ஆரம்பிக்கற பேச்சு மாதிரி.

மருமகள்: சிரிக்க வைக்காதீங்க! நான் கொலைவெறியில இருக்கேன். டேப்பு எதுக்கு?

மாமனார்: ஒழுகக் கூடாதில்ல…

மருமகள்: போன்ல அவங்க கேட்டாங்களே, "புதுசா எதையாவது மாட்டினீங்களா"ன்னு. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. இல்ல?

மாமனார்: வயித்துக்குள்ள "கொர்ர்ர்"னுச்சே, அது அப்போதான் ஆரம்பிச்சுது.

மருமகள்: நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

மாமனார்: சொன்னா பெட்டி போயிடும். சொல்லாட்டி உன் வேலை போயிடும். ரெண்டும் போகாம ஒரு வழி பார்த்தேன். உனக்கு வேலை கிடைக்கணும்னு நான் எவ்வளவு…

மருமகள்: இப்ப சண்டை போட எனக்கு நேரமில்ல. மூணு மணிக்கப்புறம் வந்து போடறேன். நீங்க இந்தப் பெட்டிக்கு முன்னாடி, கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. எதையும் தொடக் கூடாது. எதையும் கேக்கக் கூடாது!

மாமனார்: காதைப் பொத்திக்கட்டுமா?

மருமகள்: கதவைச் சாத்தறேன்!

\* \* \*

மாமனார்: முடிஞ்சுதா? நான் அசையலைம்மா. ஒரு கொசு வந்துச்சு, அதைக் கூடப் பெட்டிக்கிட்ட விடலை. முகத்துலதான் கடிக்க விட்டேன். ஏம்மா, ஏன் இப்படி நிக்கறே? லைன் டெஸ்ட்டுல போச்சா?

மருமகள்: லைன் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாங்க.

மாமனார்: கஷ்டமான கேள்வியா?

மருமகள்: "ஒரு கஸ்டமர் தன் கையாலயே மிஷினைக் கெடுத்துட்டு, தொடவே இல்லைன்னு சாதிச்சா என்ன பண்ணுவீங்க?"

மாமனார்: …நல்ல கேள்வி. நீ என்ன சொன்னே?

மருமகள்: "அவரோட சண்டை போட மாட்டேன். எந்த இடத்துல கெட்டுப் போச்சுன்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும். மானம் போகாத மாதிரி ஒரு வழி விட்டா, அவரே கொண்டு போய்க் காட்டிடுவார்"னு சொன்னேன்.

மாமனார்: அடி ஆத்தி!

மருமகள்: இன்டர்வியூ பண்ணின மூணு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. "இதை எங்க கத்துக்கிட்டீங்க"ன்னு கேட்டாங்க. வீட்டுலயே டிரெயினிங் நடக்குதுன்னு சொன்னேன்.

மாமனார்: என் பேரைச் சொன்னியா?

மருமகள்: கஸ்டமர் பேரை வெளிய சொல்லக் கூடாது மாமா.

மாமனார்: அப்புறம்?

மருமகள்: ஒண்ணாம் தேதி வேலையில சேரச் சொல்லிட்டாங்க.

மாமனார்: என் தங்கமே! பார்த்தியா, நான் மட்டும் அந்த ஒயரை மாட்டலைன்னா…

மருமகள்: மாமா! அந்தப் பக்கம் போகாதீங்க! நான் இன்னும் சண்டையே ஆரம்பிக்கலை.

மாமனார்: சரி, போகலை. தெருவுக்குச் சொல்லிடவா? மொட்டை மாடியில ஏறி…

மருமகள்: மூச்! முதல்ல உங்க பிள்ளைகிட்ட நான் சொல்லணும். என் வாயால. அவர் வர்ற வரைக்கும் அத்தைக்குக் கூடத் தெரியக் கூடாது.

மாமனார்: அப்போ இந்த ஒயர் விஷயம்?

மருமகள்: அதைப் பத்தி நான் எதுவும் சத்தியம் பண்ணலை. அது நீங்க நடந்துக்கறதைப் பொறுத்து… வாசல் கேட்டு திறக்கற சத்தம். அத்தை வந்துட்டாங்க. கம்பி! கம்பியை ஒளிச்சு வைங்க!

மாமியார்: எதை ஒளிச்சு வைக்கறது? எதிர்லயே நிக்குது, என் உயரத்துக்கு. இந்தக் கம்பி ஏங்க வெளிய வந்துச்சு?

மாமனார்: காத்து வாங்க.

மாமியார்: மாடிப்படிக்குக் கீழ சாமான் எல்லாம் வெளிய கிடக்கு. நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கல்யாணம் ஆன நாள்லருந்து நீங்க கையைக் கட்டி நான் பார்த்ததே இல்ல. என்ன உடைஞ்சுது?

மாமனார்: ஒண்ணும் உடையலை. நெட்டு நின்னு போச்சு. இவ திண்டாடினா. கம்பெனிக்காரனே கையை விரிச்சுட்டான், நாளைக்குத்தான் வருவேன்னுட்டான். கம்பியை வெச்சு, காதால கேட்டு, இந்த ஒயர்தான்னு காட்டினேன். முடிஞ்சுது கதை.

மாமியார்: காதால?

மாமனார்: காதால.

மாமியார்: நேத்து பக்கத்துல நின்னு குப்பையைக் கொண்டு போய்ப் போடுங்கன்னு நாலு தடவை சொன்னேன். அது கேக்கலை. ஒயருக்குள்ள ஓடற நெட்டு கேட்டுச்சா?

மாமனார்: குப்பைக்கு பிரஷர் கம்மி.

மாமியார்: இது என்ன, கட்டை விரல்ல வெள்ளையா ஒட்டிக்கிட்டு?

மாமனார்: பிளாஸ்திரி.

மாமியார்: ம்ம்… இவ ஏன் இஸ்திரி போட்ட சட்டையில நிக்கறா? தலையெல்லாம் வாரி, பொட்டெல்லாம் மாத்தி?

மருமகள்: அது வந்து… அத்தை…

மாமனார்: நெட்டு வந்துடுச்சான்னு பார்க்க அவங்கம்மாகிட்ட முகம் பார்த்துப் பேசினா.

மாமியார்: பெத்த அம்மாகிட்ட பேச இஸ்திரிச் சட்டையா?

மாமனார்: மாமியார் வீட்டுல பொண்ணு பளிச்சுன்னு இருக்கான்னு தெரிஞ்சா அவங்களுக்கு நிம்மதி. உனக்கும் நல்ல பேரு. வேணும்னா நாளைக்கு அழுக்குச் சட்டையில பேசச் சொல்றேன்.

மாமியார்: …சரி, அது போகட்டும். இந்தாம்மா, நீ என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. இவர் வாயைத் திறந்தா வர்றதுல முக்கால்வாசி காத்து, அது எனக்குத் தெரியும். நீ பொய் சொல்றவ இல்ல. டூல்ஸ் பெட்டி இங்க இருக்கணுமா, இரும்புக் கடைக்குப் போகணுமான்னு நீ சொல்றதுலதான் இருக்கு. நிஜமாவே காதை வெச்சா கண்டுபிடிச்சார்?

மருமகள்: …ஆமா அத்தை. சத்தியமா நானும் நம்பலை, ஆனா நடந்துச்சு. கம்பியை வெச்சார், கண்ணை மூடினார், "இந்த ஒயர்தான்"னார். பிடுங்கினேன், அடுத்த நிமிஷமே நெட்டு வந்துடுச்சு. அத்தனை ஒயர்ல அது எந்த ஒயர்னு மாமாவைத் தவிர இந்த உலகத்துல வேற யாராலயும் சொல்லியிருக்கவே முடியாது.